ரிப்செஸ்டர் புதையல்: கோயில் பொருளா, குதிரை வீரனின் பொருளா?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி 2025

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, முகமூடியோடு கூடிய ரோமர் காலத்து ரிப்செஸ்டர் தலைக்கவசத்தைப் பற்றி மூன்று இடங்களில் மூன்று விதமாகப் படித்தேன். பழைய எழுத்துகளில் அது சமயச் சடங்கோடு சேர்த்துப் பேசப்படுகிறது. பிற்கால நூல்கள் அதைக் குதிரைப்படையின் விளையாட்டுக் கவசம் என்கின்றன. அண்மையில் சிலர் இத்தகைய முகமூடிகளைப் போரிலும் அணிந்திருக்கலாம் என்கிறார்கள். பொருள் ஒன்றுதான், அது மாறவும் இல்லை. விளக்கம் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? இத்தனை நுணுக்கமான வேலைப்பாடு உள்ள ஒன்றை எவனாவது சண்டைக்கு எடுத்துச் செல்வானா? அது வெறும் அலங்காரப் பொருள் என்பதே என் எண்ணம்.

5 ஜனவரி

நீங்கள் படித்த மூன்று விளக்கங்களையும் தலைக்கவசத்தோடு மட்டும் சேர்த்துக் கேட்கிறீர்கள். அதனோடு சேர்ந்து கிடைத்தவற்றையும் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்குள் நுழைய முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

1796 கோடையில், இங்கிலாந்தின் லங்காஷயரில் ரிப்பிள் ஆற்றங்கரையில் உள்ள ரிப்செஸ்டர் என்ற ஊரில், மரக்காலணி செய்யும் ஜோசப் வால்டன் என்பவரின் மகன், தேவாலயத்துக்குப் போகும் பாதையோரத் தரிசு நிலத்தில் இந்தப் பொருள்களைக் கண்டான். அவை ஏறக்குறைய 3 மீட்டர் ஆழத்தில், மணல் சூழ, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்ததைப் போலக் குவிந்து கிடந்தன. தலைக்கவசம் அவற்றுள் பெரியது, அவ்வளவே. நீண்ட கைப்பிடி கொண்ட கிண்ணங்கள், ஒரு கலத்தின் துண்டுகள், தட்டகங்களின் சிதறல்கள், மினர்வா தெய்வத்தின் மார்பளவு உருவம், பல வட்டத் தகடுகள், என்னவென்று உடனே சொல்ல முடியாத சிறு உலோகப் பாகங்கள் ஆகியவை உடன் இருந்தன.

இவற்றை வாங்கியவர் அருகிலிருந்த டவுன்லி ஹாலின் உரிமையாளர் சார்லஸ் டவுன்லி. ரோமச் சிற்பங்களைத் திரட்டுவதில் அக்காலத்தில் பெயர் பெற்றவர். ஓவியர் சோஃபனி அவரையும் அவருடைய சிலைகளையும் ஒரே அறையில் வைத்துத் தீட்டிய ஓவியத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். லண்டன் பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் செயலாளருக்கு இந்தப் புதையலைப் பற்றி அவர் ஒரு விரிவான கடிதம் எழுதினார். அவர் எழுதி அச்சேறியது அது ஒன்றே. அதுவும் 1805 இல் அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1815 இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1814 இல், அவருடைய உறவினர் பெரெக்ரின் டவுன்லி இந்தப் பொருள்களை அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார்.

டவுன்லி இவற்றில் பலவற்றைச் சமயப் பயன்பாட்டுக்கு உரியவையாகக் கருதினார். அவர் அப்படி நினைத்ததற்கு ஒரு பின்னணி உண்டு. பழங்கால உருவங்களை எல்லாம் வழிபாட்டுக் குறியீடுகளாக விளக்கிய டாங்கார்வில் என்ற அறிஞர் பல காலம் டவுன்லியின் வீட்டில் தங்கி எழுதியவர். அந்தச் சூழலில் வாழ்ந்த ஒருவர், மினர்வாவும் முகமூடியும் கிண்ணங்களும் ஒரே குழியில் கிடப்பதைக் கண்டு கோயிலை நினைத்தது இயல்பானது.

5 ஜனவரி, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் டவுன்லியை நான் குறைத்துப் பேசுவதாகத் தோன்றலாம். அப்படியில்லை. முகமூடியின் வேலைத்திறம் தலைப்பகுதியின் வேலைத்திறத்தைவிட உயர்ந்தது என்று முதலில் கவனித்து எழுதியவர் அவரே. எதிரில் நின்று பார்க்கும் எவருக்கும் அது இன்றும் தெரியும்.

8 ஜனவரி

விளையாட்டு என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது முழுக்க ஒரு நூலிலிருந்து வந்தது. ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் கப்படோக்கியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த அரியான், கி.பி. 136 அல்லது 137 இல் எழுதிய போர்முறை நூலின் பிற்பகுதியில் குதிரைப்படைப் பயிற்சி ஒன்றை விரிவாக வருணிக்கிறார். தரத்தால் உயர்ந்தவர்களும் குதிரையேற்றத்தில் சிறந்தவர்களும் பொன்முலாம் பூசிய இரும்பு அல்லது வெண்கலத் தலைக்கவசம் அணிந்து வருவார்கள். போருக்கான கவசம் தலையையும் கன்னங்களையும் மட்டும் காக்கும், இதுவோ முகம் முழுவதும் பொருந்தி, கண்களுக்கு மட்டும் திறப்பு கொண்டிருக்கும். அதிலிருந்து மஞ்சள் நிறக் குஞ்சங்கள் தொங்கும், அவை அழகுக்கு அன்றி வேறெதற்கும் இல்லை. மார்புக் கவசத்துக்குப் பதிலாகச் சிவப்பு, ஊதா அல்லது பல நிறச் சட்டைகள் இருக்கும். இவ்வளவும் அவர் சொல்வது. ஈட்டிகளுக்கு இரும்பு முனை இருக்காது என்றும், குதிரைகளுக்கு முகக்கவசம் உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

ரிப்செஸ்டர் தலைக்கவசத்தைப் பக்கத்தில் வைத்து இந்தப் பகுதியைப் படித்தால், வருணனையும் பொருளும் ஒன்றோடொன்று பொருந்துவது வியப்பாக இருக்கும். முகம் முழுவதையும் மூடும் இளைஞனின் முகமூடி, அதற்கு மேல் காலாட்களும் குதிரை வீரர்களும் மோதும் காட்சி புடைப்பாக அடிக்கப்பட்ட தலைப்பகுதி, ஏறத்தாழ 28 செ.மீ. உயரம், சுமார் 1.3 கிலோ எடை. முதலாம் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அரியான் எழுதிய காலத்துக்கும் இதற்கும் அதிக இடைவெளி இல்லை.

ஆகவே கோயில் விளக்கம் வீழ்ந்தது, விளையாட்டு விளக்கம் நிலைத்தது என்று இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் முடித்திருந்தேன்.

12 ஜனவரி

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலை நிமித்தம் மான்செஸ்டரில் இருந்த ஆண்டுகளில், வடஇங்கிலாந்தில் நடந்த ஒரு ரோம வரலாற்று நிகழ்ச்சியில், இந்த வகை முகமூடியின் பிரதி ஒன்றை அணிந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அணியும்வரை, இதை மாட்டிக்கொண்டால் எதுவும் தெரியாது, ஆகவே இது பார்வையாளருக்கான வேடம் மட்டுமே என்று நம்பியிருந்தேன்.

நேர்பார்வை நான் எண்ணியதைவிட நன்றாகவே இருந்தது. கண்துளைகள் சிறியவைதாம், ஆனால் அவை கண்ணுக்கு மிக அருகில் அமைந்துவிடுவதால் முன்னே உள்ளவை ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்தன. கீழே பார்ப்பதுதான் கடினம். தலையைக் குனிந்தால்தான் என் கைகள் தெரிந்தன. என் மூச்சின் ஓசை காதுக்குள் நிறைந்துவிட்டதால் அருகில் நின்று ஒருவர் பேசியது பாதி விளங்கவில்லை. குளிர்நாள் என்பதால் வெப்பத்தை நான் உணரவில்லை. கோடையில் நிலைமை வேறாக இருக்கும். குதிரைமேல் அணிந்து பலமுறை சோதனை செய்தவர் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் மார்கஸ் யுங்கெல்மான். முகமூடி பார்வையைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்ற முடிவுக்கே அவரும் வந்தார்.

மற்றொன்றையும் அன்று கவனித்தேன். முகமூடி அணிந்தவர் திரும்பி என்னைப் பார்த்தபோது, அசையாத அந்த உலோக முகத்துக்குள்ளிருந்து உயிருள்ள இரு கண்கள் நகர்வது என்னை ஓரடி பின்வாங்கச் செய்தது. வேடிக்கை பார்க்க வந்த எனக்கே அப்படியென்றால், குதிரை விரைந்து வரும் திசையில் நிற்பவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

13 ஜனவரி

இந்தத் தலைக்கவசத்துக்கும் டான்யூப் ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த, குதிரையேறிப் போரிடும் சர்மாத்தியருக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: இல்லை. கி.பி. 175 இல் பேரரசர் மார்கஸ் அவ்ரேலியஸ் 5,500 சர்மாத்தியக் குதிரை வீரர்களைப் பிரிட்டனுக்கு அனுப்பினார் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அவர்களுள் ஒரு பிரிவு பிரெமெத்தென்னாக்கும் எனப்பட்ட ரிப்செஸ்டர் கோட்டையில் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. ஆனால் இந்தத் தலைக்கவசம் அவர்கள் வருவதற்குக் குறைந்தது அரை நூற்றாண்டு முந்தியது. அந்தக் கோட்டையில் அதற்கு முன் இருந்தது ஸ்பெயினின் அஸ்தூரியப் பகுதியில் திரட்டப்பட்ட இரண்டாம் அஸ்தூரியர் குதிரைப்படை. அது பின்னர், வடஇங்கிலாந்தில் ரோமர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரின் செஸ்டர்ஸ் கோட்டைக்குச் சென்றது. உரிமையாளரைத் தேட வேண்டுமென்றால் இந்தப் படையில்தான் தேட வேண்டும்.

19 ஜனவரி

இனி நான் மிகவும் பேச விரும்பிய பகுதி. தலைக்கவசத்தை மறந்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

நெருக்கமாகத் துளையிட்ட, குவிந்த கிண்ணம் போன்ற ஓர் உலோகத் துண்டைத் தனியே எடுத்து உங்கள் கையில் கொடுத்தால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலோர் வடிகட்டி என்பார்கள். கைப்பிடிக் கிண்ணங்களோடும் தட்டகங்களோடும் அது கிடந்தால் அந்த எண்ணம் இன்னும் வலுப்படும். ஆனால் அது குதிரையின் கண்காப்பு. தோலால் செய்த குதிரை முகக்கவசத்தில் கண்கள் வரும் இடத்தில் இரண்டு கண்காப்புகளைப் பதிப்பார்கள். குதிரையும் பார்க்கும், முனையற்ற ஈட்டி பட்டாலும் கண் தப்பும். தோல் மண்ணில் மட்கிப்போவதால் பல இடங்களில் உலோகக் கண்காப்பு மட்டும் அநாதையாகக் கிடைக்கிறது. அது எதில் பொருந்தியிருந்தது என்பது அழிந்துபோகிறது.

தோல் பிழைத்த இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் 1905 முதல் ஜேம்ஸ் கர்ல் நடத்திய அகழாய்வில் ஒரு தோல் முகக்கவசம் கிடைத்தது. பின்னர் ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள விண்டோலாண்டாவின் காற்றுப்புகாத ஈரமண்ணிலிருந்தும் அப்படி ஒன்று வெளிவந்தது. அவற்றைப் பார்த்த பிறகுதான், பழைய புதையல்களில் உதிரியாகக் கிடந்த துளைக் கிண்ணங்களும் குமிழ்களும் சிறு தகடுகளும் எங்கே பொருந்துகின்றன என்பது கண்ணுக்குத் தெளிவாகிறது. ரிப்செஸ்டர் பொருள்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக வைத்து, உலோகக் கலவை உட்பட ஆராய்ந்து, ரால்ஃப் ஜாக்சனும் பால் கிராடாக்கும் விரிவான கட்டுரை வெளியிட்டது 1995 இல். கண்டெடுத்து 199 ஆண்டுகள் கழிந்திருந்தன!

வட்டத் தகடுகளும் இப்படித்தான். வட்டத் தகடு என்றாலே வீரப் பதக்கம் என்று கொள்ளும் பழக்கம் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது: ஜெர்மானியப் பழங்குடியினரிடம் ரோமத் தளபதி வாரூஸின் படை அழிந்த கி.பி. 9 ஆம் ஆண்டுப் போரில் இறந்த மார்கஸ் கேலியஸ் என்ற நூற்றுவர் தலைவனின் நினைவுக்கல்லில், அவன் மார்பில் அத்தகைய தகடுகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் பதக்கத் தகடு வேறு, குதிரையின் மார்பிலும் பின்புறத்திலும் வார்கள் கூடும் இடத்தில் கட்டப்படும் தகடு வேறு. பின்பக்கத்தைத் திருப்பி, வாரைக் கோக்கும் வளையம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பக்க அலங்காரத்தை மட்டும் படம் வரைந்து அச்சிட்ட பழைய வெளியீடுகளில் இந்த வேறுபாடு மறைந்துபோனது.

20 ஜனவரி

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. வாசகரின் முதல் கேள்வி, இத்தனை அலங்காரம் உள்ளதை யார் பயன்படுத்துவார்கள் என்பது. ஜெர்மனியின் சாண்டனில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் குதிரை அணித் தகடுகள் வெள்ளிப் பூச்சும் நுண்ணிய கறுப்புப் பதிப்பு வேலையும் கொண்டவை. அவற்றுள் ஒன்றில் பிளினி குதிரைப்படைத் தலைவராக இருந்தபோது என்ற பொருளில் எழுத்துகள் குத்தப்பட்டுள்ளன. வெசுவியஸ் எரிமலை வெடிப்பில் இறந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினியே அவர் என்று கொள்வது வழக்கம். இவை ஒரு படைப்பிரிவின் குதிரைகள் அணிந்தவை, ஆண்டுக்கு ஒருநாள் எடுத்துப் பூட்டிவைத்தவை அல்ல.

கி.பி. 128 இல் ஆப்பிரிக்காவின் லம்பேசிஸில் படைகளின் பயிற்சியைப் பார்வையிட்ட ஹேட்ரியன் பேசியது கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு காலாட்படையோடு இணைந்த குதிரை வீரர்களிடம், குதிரைகளின் தோற்றமும் ஆயுதங்களின் பகட்டும் அவரவர் ஊதியத்தின் அளவுக்கு ஏற்பவே அமையும் என்று அவர் சொல்கிறார். பகட்டு படையின் இயல்பான பகுதி என்றும், வீரன் அதைத் தன் வருவாய்க்கு ஏற்பச் செய்துகொண்டான் என்றும் பேரரசரே ஏற்றுப் பேசுகிறார். அலங்காரம் ஒருபக்கம், பயன்பாடு ஒருபக்கம் என்று பிரித்துப் பார்ப்பது நம் காலத்துப் பழக்கம்.

26 ஜனவரி

இங்கே 8 ஆம் தேதிக் குறிப்பை நான் திருத்த வேண்டும். அரியான் சொன்னதைச் சற்று அளவுக்கு மீறி நம்பி எழுதிவிட்டேன்.

ஜெர்மனியின் கால்க்ரீசவில் 1990 இல் ஓர் இரும்பு முகமூடி கிடைத்தது. வாரூஸின் படைகள் அழிந்த களம் என்று பெரும்பாலோர் ஏற்கும் இடம் அது. முகமூடியின் மேல் போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டை வென்றவர்கள் உரித்துக்கொண்டு இரும்பை எறிந்துவிட்டிருக்கிறார்கள். போர்க்களத்தில் முகமூடி கிடைத்தவுடன், இவை போரிலும் அணியப்பட்டன என்ற வாதம் வலுப்பெற்றது. நானும் சில காலம் அதையே சொல்லித் திரிந்தேன்.

இப்போது அதிலும் தயக்கம் இருக்கிறது. வாரூஸின் படை தாக்கப்பட்டபோது மூட்டை முடிச்சுகளோடும் வண்டிகளோடும் நகர்ந்துகொண்டிருந்தது. மூட்டைக்குள் இருந்த முகமூடியும் அதே மண்ணில்தான் விழும். களத்தில் கிடைத்தது என்பது முகத்தில் இருந்தது என்று ஆகாது. அதேபோல் அரியானும் தம் காலத்து வழக்கத்தைச் சொல்கிறார். அவருக்கு ஒன்றேகால் நூற்றாண்டு முந்திய வழக்கத்துக்கு அவர் சாட்சி அல்லர். கால்க்ரீச முகமூடி தட்டையான, உறுதியான இரும்பு. ரிப்செஸ்டர் முகமூடியோ தலைப்பகுதியோடு சேர்ந்து ஒரே காட்சியாகத் திட்டமிடப்பட்ட நகாசு வேலை. அதன் புடைப்புகள் வாள்வீச்சை வழுக்கிவிடாமல் பிடித்து நிறுத்தும். ஆகவே ஒன்றுக்குச் சொல்லும் விடையை மற்றதன்மேல் ஏற்றக்கூடாது. ரிப்செஸ்டரைப் பொறுத்தவரை பயிற்சிக் களம் என்ற விளக்கமே எனக்கு இன்றும் ஏற்புடையது. முகமூடிகள் அனைத்துக்கும் அதுவே விடை என்பதைத்தான் கைவிடுகிறேன்.

விளையாட்டு என்ற சொல்லிலும் எனக்கு மனக்குறை உண்டு. நம் காதில் அது பொழுதுபோக்காக ஒலிக்கிறது. அரியான் வருணிப்பது இடைவிடாமல் ஈட்டி எறிந்துகொண்டே வளைந்து திரும்பும் கடினமான பயிற்சி. அது தவறினால் போரில் உயிர் போகும். படைப்பயிற்சி என்றே இனி எழுதப்போகிறேன்.

2 பிப்ரவரி

மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கான ஸ்பிங்ஸைப் பற்றிப் பேசாமல் இந்த இழை நிறைவு பெறாது.

புதையலில் வெண்கல ஸ்பிங்ஸ் உருவம் ஒன்றும் இருந்தது. அதைக் கண்டெடுத்த குடும்பத்தின் குழந்தைகள் வைத்து விளையாடித் தொலைத்துவிட்டார்கள். டவுன்லியின் கைக்கு அது வரவேயில்லை. அதன் அடிப்பாகம் வளைந்திருந்ததால் தலைக்கவசத்தின் உச்சியில் பொருத்தப்பட்டிருக்கும் என்று அக்காலத்தவர் எழுதினார்கள். பிற்காலத்தவர் பலர் இதை ஒரு குறிப்பாக மட்டும் சொல்லிக் கடந்தார்கள். பொருளே இல்லாதபோது வேறென்ன செய்வது?

2010 மே மாதம் கம்பிரியாவின் கிராஸ்பி காரெட்டில் உலோகங்காணி வைத்துத் தேடிய ஒருவருக்கு 67 துண்டுகளாக ஒரு தலைக்கவசம் கிடைத்தது. ஒட்டிச் சேர்த்தபோது இளைஞனின் முகமும், உச்சி வளைந்த ஃபிரீஜியத் தொப்பியும், அந்தத் தொப்பியின் முனையில் அமர்ந்த, இறக்கையும் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் உருவமும் தோன்றின. உச்சியில் ஒரு கற்பனை விலங்கு! 214 ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன ஸ்பிங்ஸ் எங்கே இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. பழைய எழுத்தாளர்களின் சொல்லை இதன் பிறகு நான் சந்தேகிப்பதில்லை.

அந்தத் தலைக்கவசத்துக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. தனித்த வெண்கலப் பொருள் என்பதால் 1996 ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் அது வரவில்லை. ஆய்வாளர்கள் துண்டுகளை முறையாக ஆராயும் முன்பே விற்பனைக்காக ஒட்டிச் சீரமைக்கப்பட்டு, அக்டோபரில் ஏலத்தில் ஏறக்குறைய 23 லட்சம் பவுண்டுக்குத் தனியார் ஒருவரிடம் போனது. கார்லைலின் டல்லி ஹவுஸ் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் திரட்டிய நிதி போதவில்லை. உடைந்த விளிம்புகளில்தான் எப்படி உடைந்தது, ஏன் மடிக்கப்பட்டது என்ற செய்திகள் இருக்கும். ஒட்டியபின் அவற்றைப் படிப்பது மிகக் கடினம்.

9 பிப்ரவரி

டவுன்லியின் சமய விளக்கத்துக்கு மீண்டும் வருகிறேன். அதை முழுவதும் ஒதுக்கிவிட முடியாது என்று தோன்றுகிறது. ஆனால் இடத்தை மாற்றிக் கேட்க வேண்டும். பொருள் எதற்குப் பயன்பட்டது என்பது ஒரு கேள்வி. அது ஏன் மண்ணுக்குள் போனது என்பது வேறு கேள்வி.

லெஸ்டர்ஷயரின் ஹாலட்டனில் வெள்ளியும் பொன்முலாமும் பூசிய இரும்பு ரோமத் தலைக்கவசம் ஒன்று, 5,000-க்கும் மேற்பட்ட நாணயங்களோடு, ஒரு பிரிட்டானியப் பழங்குடியினரின் வழிபாட்டிடத்தில் கிடைத்தது. குதிரைப்படைக்காகச் செய்த கவசம் காணிக்கையாக மண்ணுக்குள் போயிருக்கிறது. ஜெர்மனியின் ஷ்ட்ராவ்பிங்கில் 1950 இல் கிடைத்த புதையலிலோ, முகமூடிகள், கால்கவசங்கள், குதிரை முகக்கவசங்கள் ஆகியவற்றோடு தெய்வச் சிற்றுருவங்களும் ஒன்றாகக் கிடந்தன. அங்கே பெரும்பாலோர் காணிக்கையை நினைப்பதில்லை, கலவர காலத்துக் கொள்ளையையோ அவசரப் பதுக்கலையோ நினைக்கிறார்கள். தெய்வ உருவமும் கவசமும் ஒரே குவியலில் இருப்பது மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும். மினர்வா வீரர்கள் போற்றிய தெய்வம். படைக்கலங்களில் அவள் உருவம் அடிக்கடி வரும்.

ரிப்செஸ்டரில் மரப்பெட்டி என்ற செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. காணிக்கை கொடுப்பவர்கள் பொருளை வளைத்தோ உடைத்தோ இடுவது பல இடங்களில் உண்டு. பெட்டியில் அடுக்கி வைப்பவன் திரும்பி வந்து எடுக்க நினைப்பவன். சமையற்கலங்களும் குதிரை அணிகளும் முகமூடியும் ஒரே பெட்டியில் இருப்பதை, படை இடம் மாறும்போது மூட்டை கட்டிய ஒருவரின் வேலையாகவே நான் பார்க்கிறேன். இது என் ஊகம். எதிர்வாதம் இருந்தால் எழுதுங்கள்.

10 பிப்ரவரி

கிரேக்கக் கதைகளில் வரும் பெண் போர்வீரர்களான அமேசான்களைப் பற்றி: பெண்முகம் கொண்ட முகமூடிகள் சில இடங்களில் கிடைத்திருப்பதால், ஒரு அணி கிரேக்கராகவும் மறு அணி அமேசான்களாகவும் வேடமிட்டு மோதியிருப்பார்கள் என்று நவீன ஆய்வாளர்கள் கருதினார்கள். அழகான கருத்து. அரியான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ரிப்செஸ்டர் முகம் மீசை அரும்பாத இளைஞனின் முகமாகவே எனக்குத் தெரிகிறது.

16 பிப்ரவரி

முதல் கேள்வியைக் கேட்டவர், வெறும் அலங்காரம் என்ற தம் எண்ணம் இன்னும் முழுவதும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கு ஒன்றை மட்டும் காட்ட விரும்புகிறேன். அடுத்த முறை அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன் நிற்கும்போது, முகத்தையும் போர்க்காட்சியையும் பார்த்து முடித்த பிறகு, உலோகத்தில் சிறு புள்ளிகளாகக் குத்தப்பட்ட எழுத்துகளைத் தேடுங்கள். காரவ் என்று படிக்கிறார்கள். உரிமையாளர் பெயரின் தொடக்கம் என்று கொள்கிறார்கள். செதுக்கிய கலைஞனின் கை அது அல்ல. கூர்முனை ஒன்றை வைத்துத் தட்டித் தட்டி, கோணல்மாணலாக யாரோ குத்தியது. ரோமப் படைகளில் தலைக்கவசத்திலும் கலங்களிலும் பெயரை இப்படிக் குத்தி வைப்பது பரவலான வழக்கம். ஒரே கொட்டிலில் பலர் தங்குமிடத்தில், ஒன்றுபோல் தோன்றும் பல பொருள்களுக்கு நடுவே தன்னுடையது மாறிப்போகாமல் இருக்க ஒருவன் அதைச் செய்திருக்கிறான்.